படுத்துக் கிடந்த பாட்டில்கள்

“நீ எதையாவது ஒண்ணை முழுசா முடிச்சிருக்கியாடி?”

அம்மா இதைக் கேட்டது அடுப்படியில், உருளைக்கிழங்கு உரிக்கும்போது. திட்டவில்லை. கத்தியை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, உண்மையாகவே பதில் வேண்டும் என்பதுபோலக் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

யோசித்துப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். எழுந்து நின்று வாசி என்று சொன்னால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்வரிசையில் சிரிப்பார்கள். மறுநாள் காலையில் வயிறு வலிக்கும். கடைசியில் வலி நிற்கவில்லை, பள்ளிக்கூடம்தான் நின்றது. அதற்கு முன்னால் அக்கார்டியன் வகுப்பு, அதுவும் அப்படியே. ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர் ஒன்று இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

“பியர் காய்ச்சினேனே,” என்றேன்.

“அது தானா பொங்குது, தானா அடங்குது. அதுல நீ என்னத்த முடிச்ச?”

அம்மா ஹாலே நகரத்து மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். மாலையில் வந்ததும் காலணியைக் கழற்றிவிட்டு, கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு சற்று நேரம் கண்ணை மூடியிருப்பாள். அவளுக்கு என்மேல் இருந்தது கோபம் இல்லை, பயம். அதனால்தான் ஹாலேயில் சலவைக்கடை வைத்திருக்கும் தன் சித்தி மகள் ஓடெட்டிடம் எனக்காகப் பேசி வைத்திருந்தாள். பெந்தெகொஸ்தே விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை நான் அங்கே இஸ்திரிப் பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும். ஓட்டல்களின் மேசைவிரிப்புகள். காலை முதல் மாலை வரை வெள்ளைத் துணி.

ஆனால் அதற்கு முன்னால், பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, இவோன் அத்தையின் கஃபேயில் போட்டி. வீட்டில் பியர் காய்ச்சுகிற எங்கள் ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பாட்டிலோடு வருவார்கள். ஜெயிக்கிற பியரைக் கால்வாய்க்கரை ஆலையின் சொந்தக்காரி லுட்கார்ட் தன் பெரிய கொப்பரையில் காய்ச்சுவாள். காய்ச்சுவதிலிருந்து பாட்டிலில் அடைப்பது வரை ஜெயித்தவர் அவளோடு நிற்கலாம். அது வழக்கம். இந்த வருடம் அவள் இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: ஆலையில் ஒரு ஆள் குறைகிறது, ஜெயிக்கிறவருக்கு விருப்பம் இருந்தால் அப்படியே வேலைக்குத் தங்கிவிடலாம். சான்றிதழ் எதுவும் கேட்கமாட்டாள்.

இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. சொன்னபோது உருளைக்கிழங்கு தோலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் உரித்தாள். பிறகு, “சரி. ஜெயிச்சா ஆலை. தோத்தா ஓடெட். நடுவுல அழுகை, வயித்துவலி எதுவும் கிடையாது,” என்றாள்.

பியர் எனக்கு வந்த வழி இவோன் அத்தையின் பாத்திரத்தொட்டி. பள்ளிக்கூடம் நின்ற பிறகு மத்தியான வேளைகளில் அங்கே கிளாஸ் கழுவினேன். கழுவுகிறவளோடு யாரும் பேசவேண்டியதில்லை. எனக்குப் பிடித்த வேலை. ஒவ்வொரு பியருக்கும் அதற்கென்றே ஒரு கிளாஸ். துறவிகளின் கரும்பியருக்கு அகன்ற வாய், கோதுமை பியருக்குத் தடித்த ஆறுபட்டைக் கிளாஸ், பொன்னிற டிரிப்பலுக்குக் காலோடு கூடிய கிண்ணம். மாற்றி ஊற்றினால் இவோன் அத்தை கொன்றுவிடுவாள். ஒருமுறை தபால்காரர் அவசரப்பட்டார்.

“இவோன், ஏதோ ஒரு கிளாஸ்ல ஊத்திக் குடேன், தொண்டை காயுது.”

“உன் கிளாஸ் வேற ஒருத்தர் கையில இருக்கு. அவர் குடிச்சு முடிக்கட்டும்.”

“அதுவரைக்கும் நான் என்ன பண்றது?”

“தாகமா இரு. நல்லா இருந்தேன்னா இன்னும் ருசிக்கும்.”

தபால்காரர் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தார். காத்திருந்து குடித்தபோது கண்ணை மூடினார். அத்தை சொன்னது சரிதான்.

எங்கள் பக்கத்து ஆண்கள் குடிப்பது கூஸ். குளிர்கால இரவில் கூரைக்கடியில் திறந்த தொட்டியில் ஆறவிட்டு, காற்று கொண்டுவருகிற ஈஸ்டிலேயே புளிக்கவிட்டு, வருடக்கணக்கில் மரப்பீப்பாயில் போட்டுவைக்கிற பியர். முதல் வாயில் பல் கூசும். இரண்டாவது வாயில் முகம் சுளிக்கும். மூன்றாவதுக்குப் பிறகு வேறெதுவும் பிடிக்காது. என் அப்பா ரேமி அப்படிப் பிடிக்காமல் போனவர்களுக்குத் தலைவர். பால் லாரி ஓட்டிவிட்டு வந்ததும் ரொட்டியில் வெள்ளைப் பாலாடைக்கட்டி தடவி, முள்ளங்கி அடுக்கி, பக்கத்தில் ஒரு கூஸ். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் மன்னர்கூடப் பொறாமைப்படுவார்.

எனக்கு வேறொன்று பிடித்துப்போயிற்று. மேல்தட்டில் சைக்கிள் பயணிகளுக்காக அத்தை வைத்திருந்த டிரிப்பல். மெலிந்த வைக்கோல் நிறம், மேலே முட்டை வெள்ளையை அடித்ததுபோல நுரை. முகர்ந்தால் கொத்துமல்லி விதை, ஆரஞ்சுத் தோல், லேசாகக் கிராம்பு. குடித்தால் தேன்போல ஆரம்பித்து, தொண்டைக்குப் போவதற்குள் இனிப்பு எங்கோ மறைந்துவிடும். கசப்பும் சூடும் மட்டும் மிஞ்சும். அந்த இனிப்பு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

டிரிப்பலை ஊற்றும்போது கடைசி விரலளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுவார்கள், அடியில் ஈஸ்ட் கிடக்கும் என்பதால். அந்த மிச்சங்களை ஒரு ஜாம் சீசாவில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முளைகட்டிய பார்லியின் மால்ட் கரைசல் கொடுத்து, வீட்டைச் சூடாக்கும் கொதிகலனின் மேல் சூட்டில் வைத்தேன். இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மூடியைத் தூக்கினால் ‘புஸ்’ என்று ஒரு மூச்சு. உயிர் வந்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை, அதனால் சத்தமாகச் சிரித்தேன்.

பின்கட்டில் துணி வெளுக்கிற பழைய செப்புக் கொப்பரை இருந்தது. அதில் காய்ச்சினேன். முதல் முறை பியர் மருத்துவமனைக் கட்டுத்துணிபோல நாறியது. அடுத்த முறை பாட்டில்கள் வெடித்தன, அம்மாவின் உள்பாவாடைகளெல்லாம் கொடியில் தொங்கியபடியே பியரில் குளித்தன. நான் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். ஜனவரியில் காய்ச்சியதுதான் போட்டிக்கான பியர். கொதிக்கும்போதே வாசனை சரியாக இருந்தது. கொதியின் கடைசியில் வெள்ளைச் சர்க்கரை கொட்டினேன்.

அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

“என்னடி கொட்டற?”

“சர்க்கரைப்பா.”

“சர்க்கரை போட்டா அது பியர் இல்ல கண்ணு, பாயசம். கொஞ்சம் அரிசியும் குங்குமப்பூவும் போடு, ஞாயித்துக்கிழமை சாப்பிடலாம்.”

அதோடு போய்விட்டார். என் பியரை ஒரு வாய்கூட அவர் குடித்ததில்லை. சாத்தானின் எலுமிச்சைச் சாறு என்று பெயர் வைத்திருந்தார்.

பாட்டிலில் அடைத்து, கொதிகலனுக்குப் பக்கத்தில் சூட்டில் நிறுத்திவைத்தேன். பாட்டிலுக்குள் அது மறுபடி ஒருமுறை புளித்து வாயு பிடிக்க வேண்டும். பிடித்தும்விட்டது. மார்ச்சில் எனக்குக் கடும் காய்ச்சல். அதே வாரம் கொதிகலனைப் பிரித்துப் பழுதுபார்க்க ஆள் வந்தார். பாட்டில்களை எடுத்தாக வேண்டும்.

“நான் பாத்துக்கறேன், நீ படு,” என்றார் அப்பா. “என் நிலவறையிலயே வைக்கறேன்.”

போர்வைக்குள்ளேயே எனக்குக் கண் கலங்கியது. அப்பாவின் நிலவறை என்றால் விளையாட்டில்லை. உள்ளே அவருடைய கூஸ் தூங்குகிறது. அதிர்ந்து நடக்கக்கூடாது. சாவி அவர் கால்சட்டைப் பையிலேயே இருக்கும். அந்த இடத்தில் என் பாயசத்துக்கு இடம் கொடுக்கிறார் என்றால்!

எழுந்து நடமாடிய பிறகு ருசி பார்ப்பதற்குப் பின்கட்டில் தங்கிப்போன சில பாட்டில்கள் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஏப்ரலில் கொஞ்சம் முரடு. மேயில் அடங்கியது. போட்டிக்கு முந்தின வாரம் திறந்தது என்னையே அசரவைத்தது. இனிப்பு எங்கே மறைகிறதோ அங்கேயே மறைந்தது. நிலவறையில் குளிரில் இருப்பவை இதைவிடத் தெளிந்திருக்கும்.

போட்டி நாள் காலை, பூசைக்குப் போகும் முன், அப்பா சாவியை எடுத்தார். ஒரு கையில் விளக்கு. பெருமை தாங்கவில்லை அவருக்கு.

“வா, வந்து பாரு, உன் பிள்ளைங்க எப்படித் தூங்குதுன்னு.”

படியிறங்கிப் பார்த்தேன். என் பாட்டில்கள் அத்தனையும் படுத்துக் கிடந்தன. அப்பாவின் கூஸ் வரிசைக்குப் பக்கத்தில், அதே ஒழுங்கில், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் அப்பா கூஸுக்குப் போடுவதுபோலச் சுண்ணாம்பில் ஒரு வெள்ளைக் கோடும் இழுத்திருந்தார், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று தெரிவதற்காக.

“அப்பா...”

“என்னம்மா, அழகா இருக்கில்ல?”

“இதை நிக்க வெக்கணும்பா.”

“நிக்க வெக்கறதாவது! நிக்க வெச்சா கார்க் காய்ஞ்சிடும்.”

“இதுல கார்க்கே இல்லப்பா. தகர மூடி.”

அப்பா விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். தகர மூடிதான். இத்தனை வாரமும் அது தகர மூடிதான். அவர் கை பாட்டிலைக் கண்டால் படுக்கவைக்கும், அதற்குக் கண்ணின் உதவி தேவையில்லை.

“படுத்தா என்ன ஆகும்?” என்றார், குரல் இறங்கி.

நான் விளக்கை வாங்கிப் பாட்டிலுக்கு அடியில் பிடித்தேன். ஈஸ்ட் எல்லாம் அடிப்பக்கத்தில் சேராமல், படுத்த பக்கம் நெடுகிலும் மெல்லிய மாவுபோலப் படிந்திருந்தது. பாட்டிலை நிமிர்த்தினால் அந்த மாவு சரிந்து பியர் முழுக்கக் கலங்கும். மறுபடி தெளிய நாட்கள் வேண்டும். எங்களுக்குப் பூசை முடிகிற வரைதான் நேரம். டிரிப்பல் கலங்கினால் கண்ணுக்கு மட்டும் கெடாது, ஈஸ்டின் கரகரப்பு நாக்கில் ஏறிக்கொண்டு அந்த மெல்லிய வாசனை எதையும் வெளியே வரவிடாது. நான் நான்கு மாதம் காத்திருந்ததே அந்த வாசனைக்குத்தான்.

படியில் உட்கார்ந்துவிட்டேன். வயிறு வலிக்க ஆரம்பித்தது, அந்தப் பழைய வலி. மேசைவிரிப்புகள் கண்ணில் வந்தன.

அப்பா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “நான் போய் லுட்கார்ட்கிட்ட சொல்லட்டுமா? எல்லாம் இந்த மடையனோட வேலைன்னு?”

“வேணாம்பா.”

எதிரே சுவரில் அவருடைய கூடை தொங்கியது. கூஸ் ஊற்றுகிற பிரம்புக் கூடை. படுத்த பாட்டிலைப் படுத்தவாக்கிலேயே அதில் எடுத்துவைத்து, அப்படியே சாய்த்து ஊற்றுவார்கள். கூஸைத் தவிர வேறு எதையும் யாரும் அதில் வைத்து நான் பார்த்ததில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் நான் பார்ப்பதைப் பார்த்தார்.

“ஐயோ, வேணாம்,” என்றார் உடனே. “வேணாம் ஃபீன். அது கூஸ் கூடை.”

“தெரியும்பா.”

“அதுல சர்க்கரை பியரை வெச்சு எடுத்துட்டுப் போனா ஊரு சிரிக்கும். கூஸ் மாதிரி அடங்கி வராது அது. தொறந்தவுடனே நுரையா பொங்கி உன் மடியில இருக்கும்.”

“குளிர்ல இருந்திருக்கு. மெதுவா தொறந்தா பொங்காது.”

“பொங்கிடுச்சுன்னா?”

“ஓடெட் கடையில துணி தொவைக்க சோப்பு இருக்கும்.”

அப்பா என்னையே பார்த்தார். நான் அவரிடம் நக்கலாகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எழுந்து கூடையை இறக்கினார். சட்டைக் கையால் தூசியைத் துடைத்தார். வெள்ளைக் கோடு உச்சியிலேயே இருக்கும்படி, மூச்சை அடக்கி, ஒரு பாட்டிலை அதில் படுக்கவைத்தார்.

“நான்தான் தூக்குவேன்,” என்றார். “படுக்க வெச்சவன் நான்.”

பூசை முடிந்து மணி அடித்துக்கொண்டிருந்தது. சதுக்கத்தின் குறுக்கே அப்பா நடந்தார், இரண்டு கைகளிலும் கூடையை ஏந்தி, ஒரு கல்லிலும் கால் தட்டாமல். நான் பின்னால். சாவுப் படுக்கைக்குப் பாதிரியார் நற்கருணை கொண்டுபோவதுபோல இருந்தது. தபால்காரர் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்.

“யாருக்கு ரேமி கடைசிக் கட்டம்?”

“வாயை மூடிட்டு வழி விடுய்யா!” என்றார் அப்பா, பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கஃபேக்குள் காற்றுக்கூட நுழைய இடமில்லை. நீள மேசைக்குப் பின்னால் நடுவர்கள் மூன்று பேர்: லுட்கார்ட், இவோன் அத்தை, கோவிலில் ஆர்கன் வாசிக்கும் செவெரின். தங்களுக்குப் பிடித்த பாட்டிலுக்கு முன்னால் ஆளுக்கொரு பாட்டில் மூடியை வைப்பார்கள். அதுதான் தீர்ப்பு. அம்மா கல்லா மேசை ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைக் கழற்றவில்லை.

மற்றவர்கள் ஊற்றி முடித்திருந்தார்கள், கடைசி ஆள் நான். எனக்கு முன்னால் ரொட்டிக்கடை காமீல் மாமா ஊற்றினார். மூன்று வருடமாக அவர்தான் ஜெயிக்கிறார். அவருடைய கரும்பியர் உலர்ந்த பிளம்ஸும் கருகிய ரொட்டித்தோலும் கலந்த வாசனையோடு கிளாஸில் இறங்கியது. நியாயமாகச் சொன்னால் அருமையான பியர். செவெரின் முகர்ந்துவிட்டு ஆமென் என்றார்.

“அடுத்து யாரு?” என்று திரும்பிய காமீல் மாமா கூடையைப் பார்த்தார். “அட! ரேமி கூஸ் காய்ச்ச ஆரம்பிச்சிட்டானா?”

“என் பொண்ணோடது,” என்றார் அப்பா. “டிரிப்பல்.”

கஃபே முழுக்கக் கூரை பிய்ந்துபோகிற சிரிப்பு.

“டிரிப்பலைக் கூடையிலயா? யோவ் ரேமி, அடுத்து காபியையும் கூடையில ஊத்துவியா?”

“குழந்தை தூங்குது, சத்தம் போடாதீங்கடா!”

லுட்கார்ட் சிரிக்கவில்லை. கையைத் தூக்கினாள். “ஏம்மா கூடை?” என்று என்னைக் கேட்டாள். என்னை. அத்தனை முகங்களும் திரும்பின. நாக்கு அண்ணத்துக்குப் போவது எனக்குத் தெரிந்தது. பாட்டிலைப் பார்த்தேன். உள்ளே இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

“அப்பா படுக்க வெச்சிட்டாரு,” என்றேன்.

மறுபடி சிரிப்பு, ஆனால் இது வேறு சிரிப்பு. எங்கள் ஊரில் அப்படி ஒரு அப்பா இல்லாத வீடு எது? “எங்க வீட்டுல வினிகரையே படுக்க வெச்சாரு எங்கப்பா!” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். அப்பாவின் காது சிவந்தது. ஆனால் கூடை அசையவில்லை.

மேசையில் வைத்தோம். மூடியின் ஓரத்தில் திறப்பானைப் பொருத்தி, மயிரிழை அளவு தூக்கினேன். ‘ஸ்ஸ்’ என்று நீண்ட மூச்சு. நிறுத்தினேன். நுரை கழுத்துக்குள் ஏறி வந்தது. ஏறி, மூடியைத் தொட்டு, அங்கேயே நின்று யோசித்தது. பிறகு மெல்ல இறங்கியது. இன்னொரு இழை. இன்னொரு மூச்சு. மூடி கையோடு வந்தது, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

இனிமேல்தான் கஷ்டம். மூன்று கிளாஸும் ஒரே சாய்ப்பில் நிறைய வேண்டும். நடுவில் பாட்டிலைப் பின்னால் சாய்த்துவிட்டால் பியர் அலைபோலத் திரும்பிப்போய் ஈஸ்டைக் கிளப்பிவிடும். அதனால் பாட்டில் கிளாஸிடம் போகக்கூடாது, கிளாஸ்தான் பாட்டிலிடம் வர வேண்டும்.

“அப்பா, நான் சொல்லும்போது கிளாஸை மாத்துங்க. சொட்டு கீழ விழக்கூடாது.”

“சொல்லு.”

கூடையை மேசை விளிம்புக்கு நகர்த்திச் சாய்த்தேன். கிளாஸ் கீழே காத்திருந்தது. நூல்போல ஒரு பொன் இழை இறங்கியது. டிரிப்பலின் நுரை பெரியது, அவசரப்படுத்தினால் பொங்கிவிடும். கூடையை அந்தச் சாய்விலேயே அசையாமல் பிடித்துக்கொண்டு நுரை அடங்கும்வரை நின்றேன்.

“பியர் ஊத்தறியா, தொட்டில் ஆட்டறியா ஃபீன்?” என்றார் காமீல் மாமா.

“உஷ்!” என்றாள் இவோன் அத்தை. “நீ ஒரு தடவை இப்படி ஊத்திக் காட்டு, அப்புறம் வாயைத் தொற.”

“மாத்துங்கப்பா.”

அப்பாவின் தடித்த விரல்கள் ஒரு கிளாஸை விலக்கி இன்னொன்றை நீட்டின. பால் லாரியை இருளிலும் பனியிலும் ஓட்டுகிற கை. ஒரு சொட்டு விழவில்லை. “மாத்துங்கப்பா.” மூன்றாவது நிறைந்துகொண்டிருந்தபோது பாட்டிலின் அடிப்பக்கத்திலிருந்து அந்த மாவு புகைபோல நகர ஆரம்பிப்பதைப் பார்த்தேன். கழுத்தை நோக்கி வந்தது. வந்துகொண்டே இருந்தது. கிளாஸ் நிறைந்ததும் கூடையை ஒரே வெட்டில் நிமிர்த்தினேன். உள்ளே பியர் பால்போலக் கலங்கியது. வெளியே மூன்று கிளாஸ்களிலும் கண்ணாடிபோலத் தெளிவு.

லுட்கார்ட் தன் கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்கினாள். நானும் அவள் பின்னாலிருந்து பார்த்தேன். பியருக்குள் கோவில் கோபுரம் தலைகீழாகத் தெரிந்தது, கடிகார முள் உட்பட.

“மணி பாக்கலாம் போல இருக்கே,” என்றாள்.

மூன்று பேரும் முகர்ந்தார்கள். குடித்தார்கள். செவெரின் நாக்கைச் சப்புக்கொட்டினார், தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டினார், கடைசியில் தன் மூடியைக் காமீல் மாமாவின் பாட்டிலுக்கு முன்னால் வைத்தார். “மன்னிச்சுக்கோம்மா, பிளம்ஸ் எனக்குப் பலவீனம்.” இவோன் அத்தை தன்னுடையதை என் கூடைக்கு முன்னால் டொக்கென்று வைத்தாள், யாராவது எதிர்த்துப் பேசட்டும் என்பதுபோல.

மிச்சம் லுட்கார்டின் மூடி. நடுவர்கள் ஒரு வாய், இரண்டு வாய்தான் குடிப்பது வழக்கம், அத்தனை பாட்டில்களையும் ருசி பார்க்க வேண்டுமே. லுட்கார்ட் இரண்டு வாய் குடித்தாள். கிளாஸை வைத்தாள். காமீல் மாமாவின் பியரை ஒரு வாய் குடித்தாள். மறுபடி என்னுடையதை எடுத்தாள். இந்த முறை வைக்கவில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்து, காலிக் கிளாஸில் ஒட்டியிருந்த நுரை வளையங்களைப் பார்த்துக்கொண்டே, மூடியைக் கூடைக்குள்ளேயே போட்டாள்.

“செவ்வாய்க்கிழமை காலைல வா,” என்றாள். “ரப்பர் பூட்ஸ் போட்டுட்டு வா, என் தரை எப்பவும் ஈரம்.”

என்ன சத்தம் எழுந்தது என்று என்னால் சொல்ல முடியாது. யாரோ என்னைத் தூக்கினார்கள். காமீல் மாமாதான். மாவு வாசனையடிக்கிற தோளில் என்னை உட்காரவைத்துக்கொண்டு கத்தினார்: “மூணு வருஷமா என்னையே நான் ஜெயிச்சு ஜெயிச்சு அலுத்துட்டேன்! இனிமேதான்டா விளையாட்டு!”

“இறக்குங்க மாமா!” என்று நானும் கத்தினேன். அந்தக் கூட்டத்தில் என் குரல் எல்லாருக்கும் கேட்டது.

அப்பா நிலவறைக்கு ஓடி, சட்டையைத் தொட்டிலாக்கி மற்ற பாட்டில்களை ஏந்திக்கொண்டு வந்தார், ஒவ்வொன்றையும் படுக்கைவாக்கில். இப்போது யாருக்கும் கூடை வினோதமாகத் தெரியவில்லை. “எனக்கும் கூடையிலதான் வேணும்!” என்று தபால்காரர் அடம்பிடித்தார். டிரிப்பல் கிளாஸ்கள் தீர்ந்துபோயின. இவோன் அத்தை நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல்முறையாக, “சரி, எந்த கிளாஸ்லயாவது ஊத்து. நான் திரும்பிக்கறேன்,” என்றாள்.

அப்பாவுக்கு நானே ஊற்றினேன், கூஸ் குடிக்கிற கிளாஸில். அவர் சந்தேகமாக முகர்ந்தார். குடித்தார். புருவம் ஏறியது.

“இனிக்கலையே!”

“ஈஸ்ட் தின்னுடுச்சுப்பா.”

“அத்தனை சர்க்கரையையுமா?”

“அத்தனையையும்.”

“பாவி மகளே, இதை ஏன் முன்னாடியே சொல்லல?” என்று கிளாஸை நீட்டினார். “ஊத்து, ஊத்து.”

கூட்டத்துக்கு மேலாக அம்மாவைத் தேடினேன். அவள் முன்னாலும் இவோன் அத்தை ஒரு கிளாஸ் வைத்திருந்தாள். எந்தச் சபையிலும் கடைசி வார்த்தை அம்மாவுடையதாகத்தான் இருக்கும். அதனால் சுற்றியிருந்தவர்கள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டுக் காத்திருந்தார்கள். அம்மா கிளாஸின் காலை இரண்டு விரலால் பிடித்து, ரயிலுக்குக் காத்திருப்பவள்போல நிதானமாக, ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். கன்னத்தில் நிறம் ஏறியது. முடிந்ததும் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது வருமென்று நின்றேன். அவள் தலையை மேலும் கீழுமாக ஒருமுறை அசைத்தாள், அவ்வளவுதான். கோட்டின் மேல்பொத்தானைப் போட்டாள், கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள்.

ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் வீட்டுப்பக்கம் திரும்பவில்லை. சதுக்கத்தைத் தாண்டி, ஹாலே போகிற பேருந்து நிற்குமிடத்துக்குப் போனாள், செவ்வாய்க்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்று ஓடெட்டிடம் நேரிலேயே சொல்வதற்கு.